அயல்நாடு சென்று திரும்பியோரும் கிராமத்து இளைஞரும்

ஒரு கிராமத்தின் செல்வம் அதன் நஞ்சையும் புஞ்சையும் மட்டுமன்று. அங்கு வளரும் இளைஞரும் அதன் செல்வமே ஆவர். நிலத்தைத் திருத்த விரும்பும் குடியானவருக்கு மண்ணைச் சோதிக்கவும், விதையைத் தேர்ந்தெடுக்கவும், உரமிடும் அளவை அறியவும் யோசனை கூற வேளாண்மை அலுவலர் இருக்கிறார். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவன் ஒருவன், "இனி எதைப் படிப்பது? எங்கு விண்ணப்பிப்பது? உதவித் தொகை கிடைக்குமா?" என்று கேட்டால், விடை கூறத் தக்கவர் அவன் வீட்டிலும் தெருவிலும் பல சமயம் இருப்பதில்லை. தாயும் தந்தையும் கல்லூரியைக் கண்டிராத குடும்பங்களில் இக்குறை மிகுதி. பெண் மக்கள் விஷயத்தில் அது இன்னும் மிகுதி.

இக்குறையைப் போக்கும் வழிகளுள் ஒன்று, படித்து முன்னேறிய ஒருவர் ஓர் இளைஞரைத் தம் பொறுப்பில் ஏற்று, வாரந்தோறும் பேசி, நெறிப்படுத்துவது. இதனை வழிகாட்டல் என்கிறோம். இருவரும் ஒரே ஊரில் இருக்க வேண்டிய அவசியமின்றி, கைப்பேசியின் மூலமாகவும் கணினியின் மூலமாகவும் முகம் பார்த்துப் பேசி இதனை நடத்துவது இணையவழி வழிகாட்டல். அரசுகள் நடத்தும் பரிமாற்றத் திட்டங்களில் அயல்நாடு சென்று திரும்பியவர்கள் இவ்வேலையை மேற்கொள்ள மானியம் பெற்ற வகையையும், அத்தகையோர் நம் ஊருக்கு வந்தால் பஞ்சாயத்து அங்கத்தினரும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பரிமாற்றத் திட்டம் என்பது யாது?

ஒரு நாட்டின் மாணவரையும் ஆசிரியரையும் உழவரையும் வேறொரு நாட்டுக்குச் சிறிது காலம் அனுப்பி, அந்நாட்டாரையும் தம் நாட்டுக்கு அழைத்து, இரு சாராரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக் கொள்ளச் செய்வதே பரிமாற்றத் திட்டம். இவற்றுள் பெயர் பெற்றது அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டம். ஆர்க்கன்சா மாநிலத்துச் செனட்டரான ஃபுல்பிரைட் கொண்டு வந்த இச்சட்டத்தில் ஜனாதிபதி ட்ரூமன் 1946 ஆகஸ்ட் 1ஆம் நாள் கையொப்பமிட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அயல்நாடுகளில் தேங்கிக் கிடந்த இராணுவத் தளவாடங்களை விற்றுக் கிடைத்த தொகையைக் கல்விக்குப் பயன்படுத்துவதே அதன் முதல் ஏற்பாடு. நம் நாடு 1950 பிப்ரவரி 2ஆம் நாள் இதற்கான உடன்படிக்கையைச் செய்து கொண்டது. 2008ஆம் ஆண்டில் செய்து கொண்ட புதிய உடன்படிக்கையின்படி இந்திய அரசும் சம பங்காளியாயிற்று. உதவித் தொகைகளுக்கும் ஃபுல்பிரைட்-நேரு என்னும் பெயர் ஏற்பட்டது.

உழவர் பெருமக்கள் அறிய வேண்டிய மற்றொரு திட்டம் 1948இல் தொடங்கிய சர்வதேசப் பண்ணை இளைஞர் பரிமாற்றம். அமெரிக்கக் கிராமப்புறங்களில் 'ஃபோர்-எச்' மன்றங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பிற நாடுகளுக்குச் சென்று, உழவர் குடும்பங்களிலேயே தங்கி, அவர்களோடு வயலில் வேலை செய்து, அவர்கள் உண்டதை உண்டு பழகினார்கள். திரும்பியபின் தம் வட்டாரத்து மன்றங்களிலும் பள்ளிகளிலும் தாம் கண்டதை எடுத்துரைப்பதும் அவர்கள் கடமையாக இருந்தது. கற்று வந்தவர் தம் ஊராருக்கு அதைத் திருப்பித் தர வேண்டும் என்னும் கொள்கை அன்றே இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

2002ஆம் ஆண்டில் பள்ளி மாணவருக்கென 'எஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. இதில் தேர்வு பெற்றவர்கள் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் தங்கி ஒரு கல்வியாண்டு அங்குள்ள பள்ளியில் படிப்பார்கள். இந்திய மாணவர்களும் இதில் சென்று வந்திருக்கிறார்கள். இவ்வாறு பல திட்டங்களிலும் சென்று திரும்பியவர்களையே 'முன்னாள் பங்கேற்பாளர்' என்று கூறுகிறோம்.

மானியத்தின் ஏற்பாடு

சென்று திரும்பியவர்களிடம் அனுபவம் உண்டு. ஊருக்குச் செய்ய வேண்டும் என்னும் ஆர்வமும் பலரிடம் உண்டு. ஆயினும் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் கையேடு அச்சிடுவதற்கும் பணம் வேண்டுமன்றோ? இதனைக் கருதி அமெரிக்க வெளியுறவுத் துறை 2011ஆம் ஆண்டில் ஒரு நிதியைத் தொடங்கியது. 'அலும்னை என்கேஜ்மென்ட் இன்னொவேஷன் ஃபண்ட்' என்பது அதன் பெயர். முன்னாள் பங்கேற்பாளர் தம் நாட்டில் நடத்தும் பொதுநலப் பணிகளுக்கு உதவும் நிதி என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இதற்குத் தனி ஒருவராக விண்ணப்பிக்க இயலாது. முன்னாள் பங்கேற்பாளர் சிலர் குழுவாகச் சேர்ந்து, தம் நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் வாயிலாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது முறை. எவ்வகைப் பணிகளுக்கு உதவி என்பது அறிவிப்புகளில் குறிக்கப்பட்டு வந்தது. இளைஞருக்கு வழிகாட்டுவதும், தொழில் திறன் கற்பிப்பதும், பெண்களை முன்னேற்றுவதும் இந்நிதிக்கு ஏற்ற பணிகளாயின. 2024ஆம் ஆண்டின் அறிவிப்பில் ஒரு பணிக்கு 5,000 டாலர் முதல் 35,000 டாலர் வரை என்று தொகை குறிக்கப்பட்டது. டாலர் ஒன்றுக்கு 80 ரூபாய் என்று கணக்கிட்டாலும் இது 4 இலட்சம் முதல் 28 இலட்சம் ரூபாய் வரை ஆகிறது.

இத்தொகையைக் கேட்டவுடன், "நம் ஊருக்குக் கணினி கிடைக்குமா? கட்டிடம் கிடைக்குமா?" என்னும் கேள்வி எழுவது இயல்பு. கிடைக்காது என்பதே விடை. கட்டிட வேலைக்கும், விலை உயர்ந்த சாதனங்கள் வாங்குவதற்கும், குழுவினரின் சம்பளத்துக்கும், அலுவலக வாடகைக்கும், மாணவருக்குத் தனித்தனியே உதவித் தொகையோ பரிசோ தருவதற்கும் இந்நிதியைச் செலவிடலாகாது. கட்சி அரசியலுக்கும் மதப் பிரசாரத்துக்கும் பயன்படுத்தலாகாது. இளைஞரிடம் கட்டணம் வாங்கலாகாது. முன்பே நடந்து வரும் திட்டம் ஒன்றை மறுபடியும் நடத்துவதற்கும் இது உதவாது. பயிற்சி அளிப்போருக்கு ஊதியம், கூட்டம் நடத்தும் இடத்துக்கும் சாதனங்களுக்கும் வாடகை, உள்நாட்டுப் போக்குவரத்து, கையேடுகள் ஆகியவற்றுக்குச் செலவிடலாம். சுருங்கக் கூறின், ஊருக்குப் பொருள் சேர்ப்பதற்கன்று, ஆட்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கே இம்மானியம்.

வழிகாட்டல் நடைபெறும் முறை

நல்ல முறையில் நடத்தப்படும் வழிகாட்டலில் நான்கு படிகள் உண்டு. முதலாவது, வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல். அவரது கல்வியை மட்டுமன்றி நடத்தையையும் விசாரித்தறிய வேண்டும். இரண்டாவது, பயிற்சி. தன் பெருமையைப் பேசாமல் பிறர் கூறுவதைக் காது கொடுத்துக் கேட்பதும் ஒரு கலையே; அதைக் கற்பிக்க வேண்டும். மூன்றாவது, இளைஞரின் விருப்பத்துக்கும் மொழிக்கும் ஏற்ப இணை சேர்த்தல். கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் பெண்ணுக்குக் கணினிப் பொறியாளரை வழிகாட்டியாக்குவதால் பயன் குறைவு. நான்காவது, மேற்பார்வை. ஒவ்வொரு மாதமும் பேச்சு நடந்ததா, இரு தரப்பினருக்கும் மனக்குறை உண்டா என்று ஒருவர் கேட்டறிய வேண்டும்.

இணையவழியில் நடத்துவதால் சில நன்மைகள் உள்ளன. பேருந்துக்குக் காத்திராமல், நகரத்திலோ அயல் மாநிலத்திலோ உள்ளவர்கள் மாலை வேளையில் அரைமணி நேரம் பேசலாம். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிப் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் இம்முறை எங்கும் பழக்கத்துக்கு வந்தது. ஆனால் கிராமத்து நிலைமை வேறு. பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே இருக்கும். அது தந்தையுடன் வயலுக்கோ வேலைக்கோ சென்றுவிடும். பெண் மக்களின் கையில் அது கிடைப்பது இன்னும் அரிது. சில தெருக்களில் சைகை எட்டாது. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பிள்ளைகளுக்கு ஓய்வும் குறையும். இவற்றைக் கருதாமல் நகரத்தில் இருந்து கொண்டு வகுக்கும் நேர அட்டவணை கிராமத்தில் நடவாது. ஆகையால் ஊர் நூலகத்திலோ பஞ்சாயத்துக் கட்டிடத்திலோ வாரம் ஒரு மாலை, பொறுப்பான பெண்மணி ஒருவரின் முன்னிலையில், பிள்ளைகள் முறை வைத்துப் பேச இடம் ஒதுக்குவது மிகுந்த பயன் தரும்.

ஓராண்டுக் கணக்கு

இனி இக்கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வழிகாட்டல் எவ்வளவு காலம் நீடிக்க வேண்டும்?

அமெரிக்காவில் இம்முறை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 1904ஆம் ஆண்டில் நியூயார்க் நகரச் சிறார் நீதிமன்றத்தின் எழுத்தராயிருந்த எர்னஸ்ட் கோல்ட்டர் என்பவர், குற்றஞ் சாட்டப்பட்டு வரும் சிறுவர்களைக் கண்டு மனம் வருந்தி, பெரியவர் ஒருவர் சிறுவன் ஒருவனுக்குத் தோழராக இருக்க வேண்டும் என்று நகரத்தாரை வேண்டினார். அதிலிருந்து வளர்ந்ததே 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்னும் இயக்கம். 1995ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இவ்வியக்கத்தில் சேர விண்ணப்பித்த 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழிகாட்டிகளை அளித்து, 18 மாதம் கவனித்தது. வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப் பொருளைத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைந்தது. பள்ளிக்குச் செல்லாமல் ஏய்த்த நாட்களும் ஏறத்தாழப் பாதியாயின.

இத்துடன் நின்றிருந்தால் வழிகாட்டல் எவ்வாறு நடந்தாலும் நன்மையே என்று எண்ணியிருப்போம். 2002ஆம் ஆண்டில் கிராஸ்மன், ரோட்ஸ் ஆகிய இரு ஆராய்ச்சியாளர் அதே விவரங்களைக் கால அளவின்படி பிரித்துப் பார்த்தனர். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த தொடர்புகளில்தான் நன்மை மிகுதியாகக் காணப்பட்டது. கால அளவு குறையக் குறைய நன்மையும் குறைந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த தொடர்புகளிலோ, பிள்ளைகளின் தன்மதிப்பும் தம் படிப்பைப் பற்றிய நம்பிக்கையும் முன்பு இருந்ததைக் காட்டிலும் தாழ்ந்தன. முன்பே ஒருவரால் கைவிடப்பட்ட பிள்ளையை நம்ப வைத்து மீண்டும் கைவிடுவது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடத் தீங்கு என்பது இதனால் விளங்குகிறது. இவை நேரில் சந்தித்துப் பழகியவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகள். கைப்பேசியில் பழகும் தொடர்போ ஒரு பொத்தானை அழுத்தினால் அறுந்துவிடக் கூடியது. ஆதலால் அதற்கு இன்னும் அதிக எச்சரிக்கை தேவை.

இப்போது மானியத்தின் காலத்தை இதனுடன் வைத்துப் பார்ப்போம். இத்தகைய மானியம் பெரும்பாலும் ஓராண்டு வேலைக்கே தரப்படுகிறது. அந்தப் பன்னிரண்டு மாதங்களில் ஆட்களைத் தேர்ந்து, விசாரித்து, பயிற்சி அளித்து, இணை சேர்ப்பதற்கு மூன்று மாதம் கழியும் என்று கொள்வோம். இறுதியில் கணக்கு முடித்து அறிக்கை அனுப்ப ஒரு மாதம் வேண்டும். நடுவில் பள்ளித் தேர்வுக்கும் அறுவடைக்கும் ஒரு மாதம் தடைப்படும். உண்மையில் பேசுவதற்கு எஞ்சுவது ஏழு மாதமே. மானியம் தீரும் நாளோடு வழிகாட்டலும் தீருமானால், ஓராண்டு என்னும் எல்லையை ஒரு பிள்ளையும் எட்டாது. எனவே மானியம் பெறுகிற குழு, பணம் தீர்ந்தபின் வரும் மாதங்களுக்கும் முதல் நாளிலேயே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். விதைநெல்லுக்குக் கடன் கிடைத்தது என்பதற்காக, களையெடுப்புக்கு ஆள் இன்றி எவரும் நாற்று விடுவதில்லை.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வழிகாட்டி ஊதியம் பெறாத தொண்டர். பேசுவதற்கு ஆகும் செலவும் சொற்பம். செலவு மிகுந்த பயிற்சியையும் கையேட்டையும் மானியக் காலத்தில் முடித்துவிடலாம். அதன்பின் தேவைப்படுவது மேற்பார்வை செய்ய ஒருவரும், பேச ஓர் இடமுமே. எண்பது பிள்ளைகளை ஏழு மாதம் கவனிப்பதைக் காட்டிலும் இருபது பிள்ளைகளை ஒன்றரை ஆண்டு கவனிப்பதே மேல். அறிக்கையில் எண்பது என்னும் எண் பெரிதாகத் தோன்றலாம்; ஊருக்கு எஞ்சுவது இருபதே.

சட்டம் கூறுவது

அயல்நாட்டு அரசு தரும் மானியம் நம் நாட்டில் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அதைப் பெறும் அமைப்பு மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அல்லது முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் தொகை வந்து சேர வேண்டும். அதனை வேறு அமைப்புக்கு மாற்றித் தரலாகாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தை மீறலாகாது. வெளிநாட்டு நன்கொடை பெறலாகாதவர் வரிசையில் பொது ஊழியரையும் அத்திருத்தம் சேர்த்தது. எனவே பஞ்சாயத்துத் தலைவரோ அங்கத்தினரோ இப்பணத்தைத் தம் கையில் வாங்குவதும், பஞ்சாயத்தின் கணக்கில் வரவு வைப்பதும் கூடாது. இடம் தருவதும், மக்களுக்கு எடுத்துரைப்பதும், கவனித்துக் கொள்வதும் போதும்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் இதில் ஈடுபடுவதால் மற்றொரு பொறுப்பும் உண்டு. பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி எப்பிள்ளையையும் சேர்க்கலாகாது. பேச்சு குறித்த நேரத்திலும் குறித்த இடத்திலும் நடைபெற வேண்டும்; இரவு வேளையில் தனியே அழைப்பதற்கும், மேற்பார்வையாளர் அறியாமல் செய்தி அனுப்புவதற்கும் இடம் தரலாகாது. பிள்ளையின் புகைப்படத்தையும் குடும்ப விவரத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாது. தவறு நேர்ந்ததாக அறிந்தால் அதை மூடி மறைப்பது 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி குற்றமாகும். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098 என்பதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

பஞ்சாயத்துக் கேட்க வேண்டிய கேள்விகள்

வழிகாட்டல் நடத்த முன்வரும் குழு எதுவாயினும், அதனிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்து கொள்வது நலம்.

1. மானியம் எந்த நாளில் முடிகிறது? அதன் பிறகு பிள்ளைகளுடன் பேசப் போகிறவர் யார்?

2. ஒவ்வொரு வழிகாட்டியும் குறைந்தது ஓராண்டு தொடர்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறாரா? இடையில் அவர் விலக நேர்ந்தால் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி, மாற்று ஆளை அறிமுகம் செய்வது யார்?

3. வழிகாட்டி தமிழில் தடையின்றிப் பேசுவாரா? நம் பகுதியின் கல்லூரிகளையும் தொழிற்பயிற்சி நிலையங்களையும் அறிவாரா?

4. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? பெண் பிள்ளைகளுக்குப் பாதியளவேனும் இடம் உண்டா?

5. 2022ஆம் ஆண்டில் நம் மாநில அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் பெறும் ஆலோசனையோடு இது எவ்வாறு இணையும்?

6. பணம் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பின் வழியாக வருகிறதா? செலவுக் கணக்கை ஊரார் பார்க்கலாமா?

இவற்றுக்குத் தெளிவான விடை தரும் குழுவை ஊர் மனமுவந்து வரவேற்கலாம். முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை இல்லையெனில், விடை கிடைக்கும் வரை பொறுத்திருப்பதே பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி.

நம் கையில் உள்ளது

அயல்நாட்டு மானியம் என்பது அந்நாட்டு அரசின் கொள்கையையும் வரவு செலவுத் திட்டத்தையும் பொறுத்தது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான பணத்தைத் திடீரென நிறுத்தி வைத்தபோது, அயல்நாடுகளில் படித்துக் கொண்டிருந்த ஃபுல்பிரைட் மாணவர்களே தம் உதவித் தொகைக்குக் கவலையுறும் நிலை ஏற்பட்டது. மேல் மடையில் நீர் நின்றால் கடைமடை காய்வது நம் உழவர் அறியாத செய்தியன்று. ஆகவே இதனை நம்பி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அமைக்கலாகாது. கிடைக்கும்போது பயன்படுத்திக் கொண்டு, கிடைக்காத காலத்திலும் நடைபெறும்படி வேலையை அமைக்க வேண்டும்.

அதற்கு வேண்டிய ஆட்கள் நம்மிடமே உண்டு. ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் படித்து வெளியூர் சென்ற செவிலியரும், ஆசிரியரும், பொறியாளரும், வங்கி ஊழியரும், பட்டாளத்தாரும் இருக்கிறார்கள். அவர்கள் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வரும்போது பஞ்சாயத்து அவர்களுடைய பெயரையும் தொழிலையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கலாம். வாரம் அரைமணி நேரம், ஓராண்டு, ஒரு பிள்ளை என்று ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். அயல்நாடு சென்று திரும்பியோர் குழு ஒன்று பயிற்சி தர முன்வந்தால், அப்பயிற்சியை இவர்களும் பெறலாம். அப்போது மானியம் முடிந்தாலும் வழிகாட்டல் நிற்காது. வருகிற கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக் கொண்டு, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுடன் பேச முன்வருவோர் எத்தனை பேர் என்னும் இரு கணக்குகளை எடுப்பதே முதல் வேலையாகும்.